கீழ்த்தளத்தில் காத்திருந்தவர்கள்

குடியுரிமை பெற்ற மறு ஆண்டே எனக்கு முதல் ஜூரி அழைப்பு வந்தது. நியூ ஜெர்சியில் நான் வசிக்கும் கவுண்டியின் நீதிமன்றத்தில், கீழ்த்தளக் காத்திருப்புக் கூடத்தில், நாற்பதுக்கும் மேற்பட்டோர் இரண்டு நாட்கள் உட்கார்ந்திருந்தோம். முதல் நாள் காலையில் ஜூரியின் கடமை பற்றிய காணொளி ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். அதன்பிறகு, பெயரைக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்ததைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாள் பிற்பகலில் நீதிபதி தாமே இறங்கி வந்து, வழக்கு முடிந்துவிட்டது, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்க மாட்டேன். இரண்டு நாட்கள் வீணாகிவிட்டனவே என்று நாங்கள் வருந்தக் கூடாது என்பதற்காக, நல்ல மனத்தோடு, அவர் மேலும் சில வார்த்தைகள் சொன்னார். நீங்கள் இங்கே காத்திருந்ததே பெரிய பணி. கீழே ஜூரி தயாராக இருக்கிறது என்று தெரிந்தால்தான் மேலே இரு தரப்பும் ஒரு முடிவுக்கு வருகிறார்கள். உங்களால்தான் இந்த வழக்கு தீர்ந்தது என்றார். கூடத்தில் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

வண்டியை எடுத்துக்கொண்டு வீடு வந்து சேர்வதற்குள் அந்த வார்த்தைகள் உறுத்தத் தொடங்கிவிட்டன. மேலே இருந்தவர் யார், அவர்மீது என்ன குற்றச்சாட்டு என்பது எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் அவரிடம் என்ன சொல்லப்பட்டிருக்கும் என்பதை ஊகிக்க முடிந்தது. கீழே ஜூரி வந்து உட்கார்ந்திருக்கிறது. அவர்கள் முன்னால் போய்த் தோற்றால் இத்தனை ஆண்டுகள். இப்போதே கையெழுத்துப் போட்டால் இத்தனை மாதங்கள். அரசாங்கம் தன் பலத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு ஒரு தனிமனிதர்மேல் வரும்போது, அவருக்கும் அரசுக்கும் நடுவில் சாதாரணக் குடிமக்கள் பன்னிரண்டு பேர் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் ஜூரி உரிமையை 1791-இல் அமெரிக்க அரசமைப்பின் ஆறாம் திருத்தத்தில் எழுதி வைத்தார்கள். நாங்கள் பார்த்த காணொளியும் அதைத்தான் சொன்னது. அவரைக் காக்க வந்து உட்கார்ந்திருந்த எங்களையே, சாப்பிடாத பிள்ளைக்குப் பூச்சாண்டியைக் காட்டுவதுபோல அவருக்குக் காட்டி, காரியத்தை முடித்திருந்தார்கள். அதற்குத்தான் நான் கைதட்டியிருந்தேன்.

இந்த விஷயத்தில் அதற்கு முன்பு எனக்குத் திடமான கருத்து ஒன்று இருந்தது. செய்யாத குற்றத்தைச் செய்ததாக யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஒப்புக்கொண்டவர் செய்தவர்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தீபாவளி விருந்தில், ஏதோ ஒரு செய்தியைப் பற்றிய பேச்சில், இதை நான் உரக்கவே சொன்னேன். சட்டம் படித்துக்கொண்டிருந்த நண்பரின் மகள் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டாள்: “அங்கிள், இன்றைக்கு ராத்திரி உங்களைப் பிடித்துக்கொண்டு போய்விட்டால், எத்தனை நாளில் உங்கள் வேலை போகும்?” அப்போது கிரீன் கார்டுக்காக நான் காத்திருந்த காலம். ஒரு வாரம் என்று மனத்துக்குள் கணக்கிட்டேன். வேலை போனால் விசா, விசா போனால் வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று கணக்கு நீண்டது. அவளுக்குப் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றிவிட்டேன். ஜூரிக் கூடத்திலிருந்து திரும்பிய அன்று அந்தக் கேள்வி மீண்டும் வந்தது. இந்த முறை அதைத் தட்டிக்கழிக்க முடியவில்லை. அதன்பின் பல மாதங்கள், அலுவலக நேரம் போக மிஞ்சிய பொழுதில், தீர்ப்புகளைத் தேடி எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன்.

படிக்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே என் பழைய கருத்து உடைந்தது. அதை உடைத்தது ஹூஸ்டன் நகரம் இருக்கும் டெக்சாஸின் ஹாரிஸ் கவுண்டி. சில ஆண்டுகளுக்கு முன்வரை அங்கே காவலர்கள் சாலையில் ஒருவரை நிறுத்திச் சோதிக்கும்போது சந்தேகத்துக்குரிய தூளோ மாத்திரையோ கிடைத்தால், சில டாலர் விலையுள்ள ஒரு சிறு பரிசோதனைப் பொட்டலத்தில் அதைப் போட்டுப் பார்ப்பார்கள். நிறம் மாறினால் போதைப்பொருள் என்று கைதுசெய்வார்கள். ஜாமீன் கட்டப் பணமில்லாதவர்கள் சில நாட்களுக்குள் குற்றத்தை ஒப்புக்கொண்டு, குறைந்த தண்டனையை அனுபவித்துவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். பல இடங்களில், வழக்கு முடிந்ததும் அந்தப் பொருளை ஆய்வகத்தில் பரிசோதிப்பதையும் நிறுத்திவிடுவது வழக்கம். ஹாரிஸ் கவுண்டியின் ஆய்வகம் நிறுத்தவில்லை. மாதங்களும் சில சமயம் ஆண்டுகளும் கழித்து முடிவுகள் வந்தபோது, அவற்றில் பலவற்றில் தடைசெய்யப்பட்ட பொருள் எதுவுமே இல்லை. 2014-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கே இவ்வாறு குற்றமற்றவர்கள் என்று அறிவிக்கப்பட்டார்கள். இங்கே ஆளை மாற்றிப் பிடித்த கேள்விக்கே இடமில்லை, குற்றமே நடக்கவில்லை. நடக்காத குற்றத்தை நூற்றுக்கும் மேற்பட்டோர் நீதிபதியின் முன்னால் நின்று, செய்தேன் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆய்வகம் தன் வேலையைத் தொடர்ந்து செய்ததால் மட்டுமே இது நமக்குத் தெரியவந்தது.

எண்பத்தெட்டு டாலர் முப்பது சென்ட்

குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும் என்ற ஒப்புதல் பேரம், இங்குள்ளவர்கள் சொல்லும் பெயரில் ‘ப்ளீ பார்கெயின்’, அமெரிக்கக் குற்றவியல் நீதியில் ஏதோ ஓர் ஓரத்தில் நடப்பதன்று. 2012-இல் உச்ச நீதிமன்றமே ஒரு தீர்ப்பில் கணக்குச் சொன்னது: மத்திய நீதிமன்றங்களில் தண்டிக்கப்படுபவர்களில் 97 சதவீதத்தினரும், மாநில நீதிமன்றங்களில் 94 சதவீதத்தினரும் விசாரணை நடந்து தண்டனை பெற்றவர்கள் அல்லர், குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள். அந்த மிச்ச மூன்று முதல் ஆறு சதவீதத்தைத்தான் திரைப்படங்களில் நாம் காலமெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இந்த எண்களைவிட என்னை அதிகம் ஆட்டியது 1978-இல் வந்த ஒரு தீர்ப்பு. கென்டக்கி மாநிலத்தைச் சேர்ந்த பால் ஹேய்ஸ் என்பவர் 88 டாலர் 30 சென்டுக்குப் போலிக் காசோலை கொடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டார். அந்தக் குற்றத்துக்கு 2 முதல் 10 ஆண்டுகள் வரை தண்டனை உண்டு. ஒப்புக்கொண்டால் 5 ஆண்டுகளுக்குப் பரிந்துரைக்கிறேன் என்றார் அரசுத் தரப்பு வழக்கறிஞர். ஒப்புக்கொள்ளாமல் நீதிமன்றத்துக்கு விசாரணை என்னும் சிரமத்தைக் கொடுத்தால், வழக்கமான குற்றவாளிகள் சட்டத்தின்கீழ்ப் புதிய குற்றச்சாட்டைச் சேர்ப்பேன் என்றும் சொன்னார். ஹேய்ஸ் முன்பே இருமுறை தண்டிக்கப்பட்டவர் என்பதால் அந்தச் சட்டத்தின்படி அவருக்குக் கிடைக்கக்கூடியது ஆயுள் தண்டனை ஒன்றுதான். அவர் விசாரணையைக் கேட்டார். ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. ஆயுள் தண்டனை விழுந்தது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஹேய்ஸ் தோற்றார். பேரத்தை ஏற்கவும் மறுக்கவும் அவருக்குச் சுதந்திரம் இருந்தது, ஆகவே இதைத் தண்டிப்பு என்றோ பழிவாங்கல் என்றோ சொல்ல முடியாது என்பது பெரும்பான்மையின் வாதம். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பாட்டர் ஸ்டூவர்ட், பேரத்துக்கு உரிய கொடுக்கல் வாங்கலாகவே இதைப் பார்த்தார். நான் அந்தத் தீர்ப்பைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஹேய்ஸ் நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் செய்த குற்றத்துக்கும், பழைய குற்றங்களுக்கும் சேர்த்து, 5 ஆண்டுகள் போதும் என்று கருதியவர் அரசுத் தரப்பு வழக்கறிஞர்தான். அந்த எண் அவருடைய வாயிலிருந்து வந்தது. அப்படியானால் ஐந்து ஆண்டுகளுக்கும் ஆயுளுக்கும் இடையில் இருக்கும் அவ்வளவு பெரிய காலம் எதற்கான தண்டனை? போலிக் காசோலைக்கானது அன்று. அதற்குரியதைத்தான் அவரே சொல்லிவிட்டாரே. ஜூரியைக் கேட்டதற்கான தண்டனை என்பதைத் தவிர வேறு எந்த விடையும் எனக்குக் கிடைக்கவில்லை. இங்குள்ள வழக்கறிஞர்கள் இதற்கு ‘விசாரணை அபராதம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதை மறைக்க வேண்டிய ஒன்றாகக்கூட யாரும் கருதுவதில்லை.

பென்சிலால் எழுதிய மனு

குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் வேண்டும் என்ற உரிமையைப் பற்றிப் பேசும்போது கிடியனின் பெயரைச் சொல்லாதவர் இல்லை. கதையின் முற்பகுதியைச் சுருக்கமாகச் சொன்னால்: புளோரிடாவின் பனாமா சிட்டியில் 1961-இல் ஒரு பில்லியர்ட்ஸ் விடுதியில் நடந்த திருட்டு, கையில் காசில்லாத ஐம்பது வயது மனிதர், வழக்கறிஞர் தர மறுத்த நீதிபதி, ஐந்து ஆண்டுத் தண்டனை, சிறையிலிருந்து பென்சிலால் எழுதிய மனு, 1963 மார்ச் 18-ஆம் தேதி வசதியில்லாதவருக்கு அரசே வழக்கறிஞரைத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அளித்த தீர்ப்பு. பெரும்பாலும் கதையை இங்கேயே முடித்துவிடுவார்கள். எனக்கோ அதற்குப் பின்னர் நடந்ததுதான் முக்கியமாகப்படுகிறது. அந்த ஆகஸ்டில் அதே ஊரில், அதே நீதிபதியின் முன்னால், அதே குற்றச்சாட்டின்பேரில் கிடியன் மீண்டும் விசாரிக்கப்பட்டார். இந்த முறை அவர் பக்கத்தில் ஃப்ரெட் டர்னர் என்ற உள்ளூர் வழக்கறிஞர் இருந்தார்.

முதல் விசாரணையில் கிடியனுக்குத் தாமே வாதாட நேர்ந்தது; முக்கிய சாட்சியை எப்படி மடக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. டர்னருக்கு ஊரும் தெரியும், அந்தச் சாட்சியையும் தெரியும். விடிகாலையில் கிடியன் விடுதியிலிருந்து மதுப்புட்டியோடு வெளியே வந்ததைப் பார்த்தேன் என்று சாட்சி சொன்னார். கிடியனை அன்று ஏற்றிச்சென்ற டாக்சி ஓட்டுநரோ, அவர் கையில் எந்தப் புட்டியும் இல்லை என்றார். தன்னை ஏற்றிச்சென்றதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கிடியன் கேட்டுக்கொண்டதாக அதே ஓட்டுநர் முதல் விசாரணையில் சொன்னது அவருக்கு எதிராக நின்றிருந்தது; மனைவியோடு இருந்த தகராறினால் அவர் எப்போதுமே அப்படிச் சொல்வது வழக்கம்தான் என்பதை டர்னர் வெளியே கொண்டுவந்தார். அந்த முக்கிய சாட்சியே திருடர்களுக்குக் காவல் நின்றவராக இருக்கலாம் என்ற ஐயத்தையும் ஜூரியின் மனத்தில் விதைத்தார். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஜூரி திரும்பி வந்து கிடியன் குற்றமற்றவர் என்றது. ஒரே நிகழ்ச்சி, ஒரே சாட்சி. குறுக்கு விசாரணை செய்யத் தெரிந்தவர் ஒருவர் வந்து சேர்ந்ததால் முடிவு தலைகீழாயிற்று. இந்த வேறுபாட்டைத்தான் உச்ச நீதிமன்றம் எல்லோருக்கும் உரிமையாக்கியது. ஆனால் டர்னருடைய திறமை வெளிப்படுவதற்கு ஒரு விசாரணை வேண்டியிருந்தது. கிடியனைப் போன்ற ஒருவர் இன்று பிடிபட்டால் அவருக்கு நிச்சயமாக வழக்கறிஞர் கிடைப்பார். அந்த வழக்கறிஞர் அவரிடம் கொண்டுவரும் முதல் தாள் பெரும்பாலும் பேரத்தின் தாளாக இருக்கும்.

அந்தப் பதினைந்து நிமிடம்

படித்தது போதும், கண்ணால் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அமெரிக்க நீதிமன்றங்களில் யார் வேண்டுமானாலும் போய்ப் பின்வரிசையில் உட்காரலாம். ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அதே கட்டடத்துக்குப் போனேன். இந்த முறை மேல்தளத்துக்கு. அன்று காலை முழுவதும் ஒப்புதல்களாகவே இருந்தன. ஒருவர் பின் ஒருவராக வந்து நின்றார்கள். நீதிபதி ஒரே வரிசையில் கேள்விகளைக் கேட்டார். உங்களை யாராவது மிரட்டினார்களா? கட்டாயப்படுத்தினார்களா? இந்தத் தாளில் உள்ளதைத் தவிர வேறு வாக்குறுதி எதுவும் கொடுத்தார்களா? உங்கள் வழக்கறிஞரின் சேவையில் உங்களுக்குத் திருப்தியா? ஜூரி விசாரணைக்கான உரிமையை நீங்கள் விட்டுக்கொடுக்கிறீர்கள் என்பது தெரியுமா? இல்லை, இல்லை, இல்லை, ஆம், ஆம். அவர் அக்கறையோடுதான் கேட்டார். ஒவ்வொருவருடைய முகத்தையும் பார்த்துக் கேட்டார். அதை நான் குறிப்பிட்டே ஆக வேண்டும்.

நியூ ஜெர்சியில் கூடுதலாக ஒரு விதி உண்டு. பல மாநிலங்களில், நான் செய்யவில்லை, ஆனால் பேரத்தை ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லித் தண்டனை பெற முடியும். 1970-இல் உச்ச நீதிமன்றம் அதை அனுமதித்தது. இந்த மாநிலம் அதை ஏற்பதில்லை. என்ன செய்தேன் என்பதை இங்கே ஒருவர் உறுதிமொழி எடுத்துக்கொண்டு தம் வாயாலேயே சொல்ல வேண்டும். குற்றமற்றவர் தண்டனை பெற்றுவிடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வந்த விதி அது. மாநில உச்ச நீதிமன்றம் 2009-இல் அதை மிகக் கண்டிப்பாகவே உறுதிசெய்தது. அன்று நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ வந்த இளைஞருக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினார் என்பது குற்றச்சாட்டு. எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி அவருடைய தாயார் மகனின் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ன நடந்தது என்று அவருடைய வழக்கறிஞர் கேட்டார். ஒருவரிடம் வாங்கினேன் என்றார் இளைஞர். அது திருட்டு வண்டி என்று உங்களுக்குத் தெரியுமா? சற்று நேரம் மௌனமாக நின்றார். பிறகு, “போலீஸ் வந்து சொன்ன பிறகுதான் தெரியும்” என்றார்.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். வாங்கும்போது தெரியாதென்றால் இந்த ஒப்புதலை நான் ஏற்க முடியாது, இதை விசாரணைக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்றார். குரலில் கோபமில்லை. விதி எதைச் செய்யச் சொல்கிறதோ அதைத்தான் அவர் செய்தார். அரசுத் தரப்பு வழக்கறிஞர் எழுந்து, பேரம் இன்றோடு முடிகிறது என்பதையும், விசாரணையில் தோற்றால் எத்தனை ஆண்டுகள் வரை ஆகலாம் என்பதையும் பதிவுக்காகச் சொன்னார். கையில் இருந்த பேரத்தில் சிறை இல்லை. நன்னடத்தைக் கண்காணிப்பு மட்டுமே. இளைஞரின் வழக்கறிஞர் கொஞ்சம் அவகாசம் கேட்டார். பதினைந்து நிமிடம் கொடுத்தார்கள். இருவரும் வெளியே தாழ்வாரத்துக்குப் போனார்கள், தாயாரும் பின்னாலேயே போனார். கதவின் சிறு கண்ணாடி வழியாக அவர்கள் மூவரும் நிற்பது தெரிந்தது; பேசியது எதுவும் கேட்கவில்லை. தாயார் ஒருமுறை மகனின் தோளைத் தொட்டார். திரும்பி வந்ததும் அதே கேள்விகள் மீண்டும் கேட்கப்பட்டன. வாங்கும்போது அது திருட்டு வண்டி என்று தெரியுமா? “தெரியும்.” எப்படித் தெரியும்? “விலை ரொம்பக் குறைவாக இருந்தது.” யாராவது இப்படிச் சொல்லும்படி கட்டாயப்படுத்தினார்களா? “இல்லை.” நீதிபதி ஒப்புதலை ஏற்றுக்கொண்டார். இரண்டாம் முறை அந்த இளைஞரின் குரலில் தடுமாற்றமே இல்லை.

அவர் செய்தாரா, செய்யவில்லையா என்பது எனக்குத் தெரியாது. முதலில் சொன்னது பொய்யாக இருக்கலாம். தாழ்வாரத்தில் அவருடைய வழக்கறிஞர், உண்மையைச் சொல்லிவிடு என்று மட்டும் சொல்லியிருக்கலாம். முதலில் சொன்னதுதான் உண்மை என்றும், இரண்டாவதாகச் சொன்னதற்கு விலை ஒன்று குறிக்கப்பட்டிருந்தது என்றும்கூட இருக்கலாம். இந்த இரண்டில் எது என்பதைக் கண்டுபிடிப்பதற்காகத்தான் சாட்சிக் கூண்டும், குறுக்கு விசாரணையும், பன்னிரண்டு நாற்காலிகளும் அந்த அறையில் இருந்தன. அந்த நாற்காலிகள் காலியாகவே இருந்தன. விலை குறைவாக இருந்தது என்ற பதில் என்னை இன்றும் விடவில்லை. குறைந்த விலைக்குப் பொருள் வாங்கும் ஏழை ஒவ்வொருவரும் அந்தப் பதிலை நேர்மையாகவே சொல்ல முடியும். பொய் சொல்லாமலேயே ஒருவர் குற்றவாளியாகக் கூடிய ஒரு வாக்கியத்தை அந்தத் தாழ்வாரத்தில் யாரோ கண்டுபிடித்திருந்தார்கள்.

தாழ்வாரத்து வழக்கறிஞர்

அந்த வழக்கறிஞர்மேல் எனக்குக் கோபம் வந்ததா என்றால், அன்று வந்தது, இன்று இல்லை. அவர் பப்ளிக் டிஃபெண்டர், அதாவது வசதியில்லாதவர்களுக்காக அரசு ஊதியத்தில் வாதாடுபவர். அன்று காலையிலேயே அவர் வேறு மூன்று கட்சிக்காரர்களோடு வந்து நின்றதைப் பார்த்தேன். இவர்களுக்கான பணிச்சுமை அளவு 1973-இல் வகுக்கப்பட்டது: பெருங்குற்ற வழக்குகள் என்றால் ஒருவருக்கு ஆண்டுக்கு 150 வரை. ஆண்டு முழுவதும் முழுநேரமும் உழைத்தாலும் ஒரு வழக்குக்குப் பதினான்கு மணி நேரம்கூடக் கிடைக்காது. 2023-இல் வெளிவந்த தேசிய ஆய்வு, பெருங்குற்றங்களில் மிகச் சிறியதற்கே 35 மணி நேரம் தேவை என்றது. கொலை வழக்குக்கு 248 மணி நேரம். பழைய அளவையும் மீறி வழக்குகளைச் சுமப்பவர்கள் பல மாநிலங்களில் இருக்கிறார்கள். லூசியானாவில் இந்த வழக்கறிஞர்களின் சம்பளத்துக்கான பணத்தில் பெரும்பகுதி போக்குவரத்து அபராதங்களிலிருந்தும் நீதிமன்றக் கட்டணங்களிலிருந்தும் வரும்படி வைத்திருந்தார்கள்; 2016-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் இனி எங்களால் இயலாது என்று சில கடுங்குற்ற வழக்குகளை அவர்கள் ஏற்கவே மறுத்தார்கள். டர்னரைப் போல டாக்சி ஓட்டுநரைத் தேடிப்போய்ப் பேச இவர்களுக்கு நேரம் ஏது?

நம்மைப் போலக் குடியேறி வந்தவர்களுக்கு இதில் கூடுதல் ஆபத்தும் இருக்கிறது. ஹோசே பாடில்லா என்பவர் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இங்கே சட்டப்படி வாழ்ந்தவர், வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர், குடியுரிமை வாங்காதவர். இவ்வளவு காலம் இருந்துவிட்டீர்கள், குடிவரவைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று அவருடைய வழக்கறிஞர் சொன்னதை நம்பி, கஞ்சா கடத்திய வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதல் அவரை நாடுகடத்தலின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. ஒப்புதலால் நாடுகடத்தப்படும் ஆபத்து உண்டு என்பதைக் கட்சிக்காரருக்குச் சொல்வது வழக்கறிஞரின் கடமை என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிரீன் கார்டோடு இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் யாராவது சிறு வழக்கில் மாட்டிக்கொண்டால், அபராதத்தைக் கட்டிவிட்டு ஒப்புக்கொண்டு வந்துவிடலாம் என்று உறவினர்கள் அறிவுரை சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். முதலில் குடிவரவுச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள்.

எதிர்வாதத்தையும் நான் எடைபோட்டுப் பார்த்திருக்கிறேன். ஒப்புக்கொள்பவர்களில் பெரும்பாலோர் குற்றம் செய்தவர்களே என்பதை நான் மறுக்கவில்லை. அவர்களுக்குப் பேரம் ஒரு சலுகை. பாதிக்கப்பட்டவர் நீதிமன்றத்தில் மீண்டும் எல்லாவற்றையும் சொல்லி அழ வேண்டிய கொடுமையையும் அது தவிர்க்கிறது. ஒவ்வொரு வழக்கையும் விசாரித்தால் நீதிபதிகளையும் நீதிமன்றங்களையும் பல மடங்காக்க வேண்டும் என்று 1971-இல் தலைமை நீதிபதி வாரன் பர்கர் எழுதினார். நீதிமன்றங்கள் மூழ்கிவிடும் என்ற இந்த வாதம்தான் நெடுங்காலம் என் வாயை அடைத்தது. அலாஸ்காவைப் பற்றிப் படித்த பிறகு அதன் பலம் குறைந்தது. 1975-இல் அந்த மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் ஏவ்ரம் கிராஸ் ஒப்புதல் பேரத்தைத் தடைசெய்தார். விசாரணைகள் கூடின, ஆனால் நீதிமன்றங்கள் மூழ்கிவிடவில்லை, வழக்குகள் முன்பைவிட விரைவாகவே முடிந்தன. குற்றம் செய்தவர்களில் பலர் பேரம் எதுவும் இல்லாமலே ஒப்புக்கொண்டார்கள். காலப்போக்கில் அந்தத் தடை தளர்ந்துபோனது உண்மைதான். பேரமே கூடாது என்று சொல்லும் துணிவு எனக்கு இல்லை. ஒப்புக்கொண்டால் கிடைப்பதற்கும் விசாரணை கேட்டால் கிடைப்பதற்கும் இடையிலுள்ள தூரத்துக்கு ஓர் எல்லை வேண்டும் என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். அந்தத் தூரம் மூன்று மாதம் என்றால், செய்யாதவர் துணிந்து நிற்பார். முப்பது ஆண்டு என்றால் என்னாலும் நிற்க முடியாது.

நின்ற ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நியூ யார்க்கின் லகுவார்டியா விமான நிலையத்தில் இறங்கும்போது, ஓடுபாதையை ஒட்டி ஆற்றுக்குள் தட்டையாக ஒரு தீவு தெரியும். ரைக்கர்ஸ் தீவுச் சிறை. பல முறை அதைப் பார்த்தபடி இறங்கியிருக்கிறேன். 2010 மே மாதத்தில் பதினாறு வயது கலீஃப் பிரௌடர் என்ற சிறுவனை, ஒரு முதுகுப்பையைத் திருடியதாகப் பிராங்க்ஸ் பகுதியில் பிடித்தார்கள். ஜாமீன் 3,000 டாலர்; குடும்பத்திடம் பணமில்லை. பின்னர், முந்தைய வழக்கொன்றின் கண்காணிப்பில் இருந்தான் என்பதால் ஜாமீனே இல்லை என்றாகிவிட்டது. அந்தத் தீவில் மூன்று ஆண்டுகள் இருந்தான். அதில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தனிமைச் சிறை. அரசுத் தரப்பு இன்னும் தயாராகவில்லை என்று விசாரணை மீண்டும் மீண்டும் தள்ளிப்போனது. இடையிடையே பேரங்கள் வந்தன. 2013-இன் தொடக்கத்தில், இரண்டு சிறு குற்றங்களை மட்டும் ஒப்புக்கொள், இருந்த காலமே போதும், இன்றே வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். செய்யாததைச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன் என்று மறுத்துவிட்டான். திரும்பவும் தீவுக்கே கொண்டுபோனார்கள். சில மாதங்களில் வழக்கைத் தள்ளுபடி செய்து வெளியே விட்டார்கள். அவன் கேட்ட விசாரணை கடைசிவரை நடக்கவில்லை. 2015 ஜூன் 6-ஆம் தேதி, இருபத்திரண்டு வயதில், அவன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். செய்யாதவன் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று தீபாவளி விருந்தில் நான் கேட்டேனே, அந்தக் கேள்வியை வாழ்ந்து காட்டியவன் அவன். அந்தத் தீவின் மேலாக இறங்கும்போதெல்லாம் இப்போது என்னால் ஜன்னல் வழியாகப் பார்க்க முடிவதில்லை.

போன மாதம் எனக்கு இரண்டாவது ஜூரி அழைப்பு வந்தது. இந்த முறை ஆயத்தமாக இருந்தேன். அலுவலகத்தில் ஒரு வாரம் வர இயலாது என்று முன்கூட்டியே சொல்லி வைத்தேன். முந்தைய நாள் மாலை ஐந்து மணிக்கு மேல் குறிப்பிட்ட எண்ணை அழைத்து, மறுநாள் வர வேண்டுமா என்று தெரிந்துகொள்ளச் சொல்லியிருந்தார்கள். இரவு உணவை முடித்துவிட்டு அழைத்தேன். பதிவுசெய்யப்பட்ட குரல் ஒன்று, என் எண் அடங்கிய வரிசையில் உள்ளவர்கள் யாரும் நாளை வரத் தேவையில்லை என்றும், இத்தோடு எங்கள் கடமை நிறைவேறியதாகக் கொள்ளப்படும் என்றும் சொல்லி நன்றி கூறியது. எந்த வழக்கு, யாருடையது, எப்படி முடிந்தது என்று அந்தக் குரல் சொல்லவில்லை. இன்னொரு முறை அழைத்து, அதையே மறுபடியும் கேட்டேன்.